24 மணி நேரத் தண்டனையோடு முடியாத குடிபோதை வழக்குகள்

பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் என்ன தண்டனை என்று, வழக்கறிஞரான என்னிடம் என் கட்சிக்காரர்களின் வீட்டார் கேட்கும்போது, நான் சொல்லும் பதிலைப் பலரும் நம்புவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 355-ஆவது பிரிவின்படி, போதையில் பொது இடத்துக்கு வந்து பிறருக்குத் தொந்தரவு தருபவருக்கு 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை விதிக்கலாம், அவ்வளவுதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 510-ஆவது பிரிவில் அபராதம் 10 ரூபாயாகவே இருந்தது. இந்தப் பிரிவு தண்டிப்பது குடித்திருப்பதை அன்று, அந்த நிலையில் பிறருக்குத் தந்த தொல்லையைத்தான். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்திலும், ‘75 கேஸ்’ என்று காவல் நிலையங்களில் சொல்லப்படும் மாநகரக் காவல் சட்டப் பிரிவிலும் தனி நடவடிக்கைக்கு வழி உண்டு.

தண்டனை இவ்வளவு சிறியது என்பதாலேயே அலட்சியம் வந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தால், போதையில் இருந்தவரைக் கலைந்து போகச் சொன்ன காவலரின் சட்டையை அவர் பிடித்தார், கெட்ட வார்த்தையில் திட்டினார் என்ற வரிகள் அடிக்கடி கண்ணில் படும். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் அதே நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவு சேரும். பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுக்கும் நோக்கில் கை வைத்தால் 132-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, காவல் நிலையத்திலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம். ஒரு நாள் சிறையோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம், சில நிமிடங்களில் ஜாமீனுக்காக நீதிமன்றம் ஏற வேண்டிய வழக்காகிவிடுகிறது.

“போதையில் தெரியாமல் செய்துவிட்டான், சார்” என்று தாய்மார்கள் கண்ணீரோடு சொல்வார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. சட்டம் அதை ஏற்பதில்லை. ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, அதனால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத நிலைக்கு அவர் போயிருந்தால் மட்டுமே 23-ஆவது பிரிவு பாதுகாப்புத் தரும். தானாகக் குடித்தவருக்கு, குடிக்காதவருக்கு உள்ள அதே அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு.

வண்டிச் சாவி கைக்கு வந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை தவறு. தகுந்த காரணமின்றி மறுத்ததையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 205-ஆவது பிரிவு. நண்பர் தள்ளாடுவது தெரிந்தே சாவியைக் கொடுத்து ஓட்டத் தூண்டியவருக்கும் 188-ஆவது பிரிவின்படி அதே தண்டனை உண்டு என்பதைப் பலரும் என்னிடம் வந்த பிறகுதான் அறிகிறார்கள். விபத்து நேர்ந்துவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டுத் தொகையும் பொதுவாக மறுக்கப்படும்.

ரயிலில் செல்வோர் ரயில்வே சட்டத்தின் 145-ஆவது பிரிவையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்டியிலோ நிலையத்திலோ போதையில் இருந்தாலே பயணச்சீட்டைப் பறித்து இறக்கிவிடுவதோடு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்க அதில் இடம் உண்டு.

வீட்டில் ஒருவர் இப்படிப் பிடிபட்டதாகத் தகவல் வந்தால், நிலையத்தில் போய்ச் சத்தம் போடாமல் எந்தப் பிரிவில் வழக்கு என்பதை முதலில் கேளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்வது காவல்துறையின் கடமை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் பெறுவது உரிமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 202-ஆவது பிரிவு. எனவே கைதான நேரத்தையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நேரத்தையும் குறித்து வையுங்கள். ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாம்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், அப்படி ஒப்புக்கொள்வதும் குற்றத் தீர்ப்பே என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்திடுங்கள்.