நூல் மில்லுக்கு எதற்குக் காற்றாலை?

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் காற்றாலைகளில் பல, கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்குச் சொந்தம். நூல் வியாபாரிக்குக் காற்றின் மேல் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. ஆடிட்டர் போட்டுக் காட்டிய கணக்குதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தக் கணக்கின் பெயர் விரைவுத் தேய்மானம். ஆண்டுதோறும் குறையும் இயந்திர மதிப்பைச் செலவாகக் காட்டி, லாபத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம். சாதாரண இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் கழிக்கலாம் என்றால், காற்றாலைக்கு முதலாண்டிலேயே 80 சதவீதம் கழிக்க அனுமதி இருந்தது. தொண்ணூறுகளில் முழுதாக 100. அதாவது 5 கோடி ரூபாய் காற்றாலைக்கு 4 கோடி கழியும். வரி 30 சதவீதம் என்றால் அந்த ஆண்டே 1.2 கோடி மிச்சம். அரசு இதில் வரியை விட்டுக்கொடுக்கவில்லை, தள்ளித்தான் போடுகிறது. அடுத்த ஆண்டுகளில் கழிக்க அதிகம் மிஞ்சாது. ஆனால் கையில் இன்று நிற்கும் பணத்தின் அருமை தொழில் செய்பவருக்குத் தெரியும். நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் இறக்கையை மாட்டிவிட வேண்டுமென்று அடித்துப் பிடித்து வேலை நடக்கும்.

இதில் ஓர் ஓட்டை. சலுகை காற்றாலையை நட்டதற்குத்தான். அது எத்தனை யூனிட் கொடுத்தது என்று வரித்துறை கேட்காது. அதனால்தான் 2009 டிசம்பரில் மத்திய அரசு இன்னொரு வழியைத் திறந்தது: பொது மின்தொகுப்புக்குத் தந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். 2012இல் இரண்டும் ஒருசேர நின்றன. முந்தைய நிதியாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் நிறுவப்பட்டிருக்க, அடுத்த ஆண்டு அது 1,700 அளவுக்குச் சரிந்தது. காற்று என்னவோ அதே வேகத்தில்தான் வீசிக்கொண்டிருந்தது.

வரிச் சலுகை இயந்திரத்தை வாங்க வைத்தது. இத்தனை ஆண்டுகள் மில்காரர்களைப் பிடித்து வைத்திருப்பது ‘பேங்கிங்’. காற்றாலை மின்தொகுப்புக்குத் தரும் யூனிட்டுகள் மில்லின் மின்கணக்கில் கழியும். ஆனால் தமிழ்நாட்டில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. மில்லோ வருடம் முழுக்க ஓடுகிறது. அதனால் சீசனில் மிஞ்சும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, காற்றில்லாத தை, மாசியில் எடுத்துக்கொள்ளலாம். 100 யூனிட்டுக்கு 5 யூனிட் வாரியத்துக்கு என்று இருந்த கழிவு பிறகு 10-ஐயும் தாண்டியது.

உண்மையில் எந்த மின்சாரமும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. ஆடியில் வந்ததை வாரியம் அப்போதே யாருக்கோ விற்றுவிடுகிறது. மில் திரும்பக் கேட்கும்போது அனல்மின் நிலையத்திலிருந்தோ வெளிச்சந்தையிலிருந்தோதான் கொடுக்க வேண்டும். அந்நேரம் விலை கூடுதலாக இருந்தால் நட்டம் வாரியத்துக்கு. வாரியத்தின் புலம்பலில் நியாயம் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாமல் இத்தனை காற்றாலைகள் வந்திருக்காது என்பதும் நிஜம்.

சொந்த உபயோகத்துக்கு இல்லாமல் விற்பனைக்கென்றே உற்பத்தி செய்பவர்களுக்குப் பாதை வேறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, விநியோக நிறுவனங்கள் வாங்கும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் விதிக்கின்றன. விலையையும் முன்பு ஆணையமே நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் யூனிட் 4.16 ரூபாய் வரை போனது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஏலம் விட்டபோது 3.46 ரூபாய்க்குத் தர ஆட்கள் வந்தார்கள். மலிவாகக் கிடைத்தது சரி, ஆனால் ஏலத்தில் நின்று ஜெயிக்கும் பலம் பெரிய கம்பெனிகளுக்குத்தான்.

முப்பந்தலின் அருமையான காற்றுப்பாதையில் தொண்ணூறுகளின் சிறிய இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. உயரப் போகப் போக வேகம் கூடும். உயரமான புதிய கோபுரம் ஒன்றே பழையவற்றில் பலவற்றுக்கு ஈடு கொடுக்கும். ஆனாலும் மாற்றத் தயங்குகிறார்கள். ஓராண்டு பேங்கிங், 2018 மார்ச்சுக்குள் நிறுவிய காற்றாலைகளுக்குத்தான். புதியதை நட்டால் அந்தச் சலுகை போய்விடுமோ என்பதுதான் அவர்கள் கேள்வி.