உம் கொட்ட ஆளில்லாத பேச்சு

இரவு நேர செய்தி விவாதத்தை ஒருநாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு மற்ற பெட்டிகளில் இருக்கும் முகங்களைக் கவனியுங்கள். ஒருவர் காகிதம் புரட்டுவார், ஒருவர் எப்போது உள்ளே புகலாம் என்று வாயைத் திறந்தபடி காத்திருப்பார். தலையாட்டிக் கேட்கிறவரைப் பார்ப்பது அபூர்வம்.

உம் கொட்டாவிட்டால் என்ன நஷ்டம்? கதை சொல்லும் பாட்டியைக் கேட்டால் தெரியும், பேரன் உம் கொட்டுவதை நிறுத்தினால் கதையும் நின்றுவிடும். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவலஸும் குழுவினரும் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். ஒருவர் தான் மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவருக்கு ரகசியமாக ஒரு வேலை: அந்தப் பேச்சில் 'டி' (t) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எண்ணுகிறவர் 'ஐயோ' சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. சொன்னவர்களின் கதை தடுமாறியது, அதுவும் சரியாகக் கிளைமாக்ஸில். முடித்த கதையையே திரும்பவும் முடித்தார்கள். அது ஏன் ஆபத்து என்று விளக்கம் வேறு கொடுத்தார்கள், பாவம்.

அப்புறம் நேரக் கணக்கு. 10 மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 0.2 நொடிதான் இருந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே சுமார் 0.6 நொடி பிடிக்கும். அதாவது, எதிராளியின் வாக்கியம் எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அவர் பேசும்போதே பதிலைத் தயார் செய்துகொள்கிறோம். வெளியூரிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வருகிறவரிடம் இந்த வித்தை பலிக்காது. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். கேள்வி ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வந்து சேர இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடி மௌனம் நெறியாளருக்குத் தயக்கமாகப் படும். அவர் அடுத்த கேள்வியைத் தொடங்கும் நேரம் பார்த்துப் பதில் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள். 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று இருவருமே சொல்லி மறுபடி மோதிக்கொள்வார்கள். நாம் அதைச் சண்டை என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, செயற்கைக்கோளே வேண்டாம். ஒரே அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால்? மோதல் குறையும், உண்மைதான். ஆனால் செய்திப் பேட்டிகளை ஆராய்ந்த ஜான் ஹெரிட்டேஜ், சாதாரணப் பேச்சில் கொட்டிக் கிடக்கும் 'ஓ', 'ம்' போன்றவை அங்கே கிட்டத்தட்ட வருவதே இல்லை என்று 1985-இல் எடுத்துக்காட்டினார். அது திமிர் அல்ல. 'ஓ, அப்படியா' என்று பேட்டியாளர் சொல்லிவிட்டால் அந்தப் பதில் அவருக்கானதாகிவிடும், அதை அவர் ஏற்றுக்கொண்டதுபோலவும் ஆகும். பதில் போய்ச் சேர வேண்டியதோ வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

எங்கள் வீட்டில் அப்பா அதைத் தவறாமல் வாங்கிக்கொள்கிறார். திரையைப் பார்த்து 'ஆமா, ஆமா' என்று விடாமல் உம் கொட்டுகிறார். பேசுகிறவருக்குத்தான் அது கேட்பதில்லை.