எதிர்பார்க்கும் முடிவை எண்ணாக எழுதுங்கள்

“மின் கட்டணம் சரியாகக் கணக்கிடப்படுகிறதா எனப் பார்க்கவும்.” டெஸ்ட் கேஸ்களை (மென்பொருளை எப்படிச் சோதிப்பது, என்ன முடிவு வர வேண்டும் என்று எழுதிவைக்கும் குறிப்புகளை) மதிப்பாய்வு செய்ய உட்காரும்போதெல்லாம் இப்படி ஒரு வரியாவது கண்ணில் பட்டுவிடுகிறது. சரி என்றால் எவ்வளவு? எழுதியவர் மனத்தில் ஒரு தொகை இருந்திருக்கலாம். ஓட்டிப் பார்ப்பவருக்கு அது தெரியாது. திரையில் ஏதோ ஒரு தொகை வந்தது, பிழைச் செய்தி இல்லை. ‘பாஸ்’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

டெஸ்ட் கேஸ்களில் சீர்மை வேண்டும் என்றவுடன் பல குழுக்களில் டெம்ப்ளேட்டைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். எக்செல் தாளில் எத்தனை பத்திகள், வரிசை எண்ணுக்கு என்ன முன்னொட்டு என்று இதற்கே ஒரு கூட்டம் நடக்கும். நடக்கட்டும். ஒரே கேஸை இரண்டு பேர் வெவ்வேறு நாட்களில் ஓட்டினாலும் ஒரே தீர்ப்புக்கு வருகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தமிழ்நாட்டின் வீட்டு மின் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதப் பயன்பாட்டில் முதல் 100 யூனிட் அப்போது இலவசமாக இருந்தது (விகிதங்கள் பின்னர் மாறிவிட்டன). மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டாவிட்டால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. தாண்டிவிட்டாலோ அந்த ரூ.2.25 படியே இருக்கவில்லை; 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ.4.50, 500 வரை ரூ.6, அதற்கு மேல் 600 வரை ரூ.8. ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏறியது.

தொகை எழுதப்படாத கேஸை ஓட்டும் ஒருவர் இந்தத் திடீர் ஏற்றத்தைப் பார்த்துப் பதறி பக் (மென்பொருள் பிழை) என்று பதிவு செய்வார். இன்னொருவர் பாஸ் போடுவார். இருவர் மீதும் குற்றமில்லை. 150, 300, 450 என்று நடுவாந்தர எண்களை மட்டும் கொடுத்துச் சோதிப்பவருக்கோ இந்த ஏற்றம் கண்ணிலேயே படாது. ‘500-க்கு மேல்’ என்பதை டெவலப்பர் ‘500 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதியிருந்தால் சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,950 ரூபாய் பில் போகும். அதைப் பிடிக்க 500 என்ற எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். 0, 100, 101, 200, 201, 400, 401, 500, 501 ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஸ், ஒவ்வொன்றிலும் ரூபாய்க் கணக்கு. அந்தக் கணக்கையும் கட்டண ஆணையைப் பார்த்துக் கையால் போட வேண்டும். மென்பொருள் காட்டிய தொகையையே நகலெடுத்து ‘எதிர்பார்க்கும் முடிவு’ என்று ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேஸ் ஒருநாளும் தோற்காது.

பணக் கணக்கே இல்லாத இடத்திலும் இதே சிக்கல் வரும். ‘பெயர் 20 எழுத்து வரை ஏற்கப்பட வேண்டும்’ என்ற தேவையைப் பாருங்கள். ‘கோபால்’ நமக்கு மூன்று எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் வழக்கமாகத் தட்டச்சு செய்தால் ஆறு குறியீடுகள். அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட் (நினைவக அலகு). எந்தக் கணக்கில் 20 என்று கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று டெஸ்டர்கள் மூன்று தீர்ப்பு சொல்வார்கள். சோதனைக்கான பெயரையும் கேஸிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ‘நீளமான பெயர் ஒன்றைக் கொடுக்கவும்’ என்றால் ஆளுக்கொரு பெயர் வரும்.

முன்நிபந்தனையைப் பற்றி, அதாவது கேஸை ஓட்டத் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியதைப் பற்றி, ஒன்று மட்டும். மூன்றாவது கேஸில் உருவாக்கிய மின் இணைப்பை நம்பிப் பதினான்காவது கேஸ் நிற்கக் கூடாது. மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் நெருக்கடியில் யாரும் வரிசையாக ஓட்டுவதில்லை.

கட்டணம் மாறும்போது பழைய கேஸ்களில் தொகையை மட்டும் திருத்திவிட்டுப் போகிறார்கள். பழைய காலத்துக்கான பில்லைத் திரும்பக் கணக்கிட வேண்டிய நிலை வந்தால் அப்போது சோதிக்க எதுவும் மிஞ்சாது. பழையதை வைத்துக்கொண்டு புதியதைச் சேர்ப்பேன். கணக்கெடுத்த தேதியை ஒவ்வொரு கேஸிலும் குறிப்பேன். கட்டணம் மாறிய நாளுக்கு முன்பு ஒரு கணக்கெடுப்பும் பின்பு ஒரு கணக்கெடுப்பும் நடந்திருந்தால் இடைப்பட்ட யூனிட்டுகளுக்கு எந்த விகிதம்? இதை டெஸ்டர் ஊகிக்கக் கூடாது. தேவையை எழுதியவரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலைத் தேதியோடு அந்தக் கேஸிலேயே பதிந்துவிட வேண்டும்.