ஸ்பெக்குலேட்: காவல் கோபுரத்தில் பிறந்த சொல்

தேர்தல் நெருங்கினால் தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்கலாம்: "கூட்டணி பற்றி ஸ்பெக்குலேட் பண்ண விரும்பவில்லை." போதிய சான்று கையில் இல்லாமல் இப்படித்தான் இருக்கும் என்று ஊகிப்பது, அதுதான் ஸ்பெக்குலேட்.

சொல்லின் தாய்வீடு லத்தீன். ஸ்பெகெரே என்றால் பார்த்தல். அதிலிருந்து ஸ்பெகுலா, அதாவது காவல் கோபுரம். ஸ்பெகுலாரி, உயரத்திலிருந்து வேவு பார்த்தல். ரோமானியப் படையின் ஒற்றர்களுக்கே ஸ்பெகுலாதோரெஸ் என்று பெயர். நம் ஊர்த் தினைக்கொல்லைப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் கதிர் அசைகிறது. காற்றா, பன்றியா? தெரியவில்லை, ஆனால் காவல்காரர் கண்ணை எடுக்கவில்லை. இந்தச் சொல்லுக்குள் முதலில் இருந்தது அந்தக் கண். இன்ஸ்பெக்டர், சஸ்பெக்ட், ஸ்பெக்டகிள்ஸ் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆழ்ந்து சிந்திப்பதையும் இது குறித்தது. புறக்கண் அகக்கண் ஆனது. பிறகு சான்றில்லாமல் முடிவு கட்டுவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. அடுத்தது சந்தை. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் ஸ்பெக்குலேஷன் வியாபாரியைப் படம்பிடித்துக் காட்டுகிறார்: இந்த வருடம் தானியம், அடுத்த வருடம் ஒயின், அதற்கடுத்த வருடம் சர்க்கரையோ புகையிலையோ தேயிலையோ. லாபம் வரும் என்று தோன்றினால் இறங்குவார், குறையும் போலிருந்தால் விலகுவார். இதற்குத் தமிழில் ஊக வணிகம் என்ற பெயர் நன்றாகவே நிலைத்துவிட்டது.

சரி, வினைக்குத் தமிழில் என்ன? ஊகி. சமஸ்கிருத ஊஹ என்பதிலிருந்து வந்தது. யூகம் என்பது அதன் பேச்சுவழக்குத் திரிபு. (பழந்தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. அது வேறு சொல்.) சில செய்திகளில் ஸ்பெக்குலேஷனை வதந்தி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. ஊகிப்பவர் சொந்தமாகக் கணக்குப் போடுகிறார், வதந்தியைக் கடத்துபவர் எதையும் யோசிப்பதில்லை.

தனித்தமிழில் உய்த்துணர் என்று எழுதலாமே என்பவர்கள் உண்டு. அழகான சொல். இலக்கண நூலான நன்னூல், நூல் எழுதுவதற்குச் சொல்லும் 32 உத்திகளில் கடைசியே 'உய்த்துணர வைப்பு'தான்: வெளிப்படையாகச் சொல்லாததை, சொன்னதைக் கொண்டு படிப்பவர் அறியும்படி வைப்பது. அங்கே பிடிமானம் இருக்கிறது. வாசலில் ஈரச் செருப்பைப் பார்த்து வெளியே மழை என்று அறிவது உய்த்துணர்தல். நாளைக்கும் மழை பெய்யும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள் என்பது ஊகம்.