162 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 162 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் ஏ.டி.ஆர். என்ற புரொப்பல்லர் விமானம் உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 20 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

தூரக் கணக்கில் தவறில்லை. இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் 1.4 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்தால் அந்த 162 வந்துவிடும்.

வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. விமானம் 15,000 அடியில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேவனஹள்ளியே கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருப்பதால், ஏற வேண்டியது 12,000 அடி. நிமிடத்துக்கு 1,200 அடி வீதம் ஏறினால் 10 நிமிடம். அதற்குள் 60 கிலோமீட்டர் கடந்திருக்கும், முழு வேகம் எட்டாமலே. இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். சேலம் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக 14,000 அடி இறங்க 42 கடல் மைல், அதாவது 78 கிலோமீட்டர் வேண்டும். ஏற்றத்துக்கு 60, இறக்கத்துக்கு 78 போக மீதி 24 கிலோமீட்டர். 500 கிலோமீட்டர் வேகம் என்று நாம் நம்பியது மூன்றே நிமிடம்!

அப்புறம் திசை. தேவனஹள்ளியின் ஓடுபாதைகள் கிழக்கு மேற்காக இருக்கின்றன, சேலம் தெற்கே. காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்பதால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் மேற்கே எழும்பித் திரும்ப வேண்டியிருக்கும். சேலத்திலும் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர ஒரு வளைவு உண்டு. பக்கத்தில் சேர்வராயன் மலை இருக்கிறது. மலைக்கு மேலே பாதுகாப்பான உயரம் காக்காமல் இறங்க முடியாது. எல்லாம் சேர்ந்து வானில் அரை மணி நேரம் ஆகிவிடும்.

டிக்கெட் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்த நொடியிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. இதைப் பிளாக் டைம் என்பார்கள். தேவனஹள்ளியில் ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று கிளம்பவே கால் மணி நேரம் போகலாம். தாமதத்துக்கென்று விமான நிறுவனமும் சில நிமிடம் கூட்டி வைக்கும்.

ஜெட் விட்டால் சீக்கிரம் போகலாமே? பெரிதாக மிச்சமாகாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது. இவ்வளவு குறுகிய தடத்தில் ஜெட்டும் பெரும்பகுதி நேரம் அங்கேதான் இருக்கும். மேலும் சேலம் ஓடுபாதை 1,806 மீட்டர்தான். முழு எடையிலும் சுமார் 1,300 மீட்டரில் எழும்பிவிடும் ஏ.டி.ஆருக்கு அது தாராளம்.

இதே விமானத்தில் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போனால் தூரம் 500 கிலோமீட்டர். சேலத்தைவிட மூன்று மடங்கு. ஆனால் ஏற்றம், இறக்கம், ஊர்தல் எல்லாம் கிட்டத்தட்ட அதே அளவு. கூடுகிற 338 கிலோமீட்டரும் முழு வேகத்தில் போகும். அதற்கு 40 நிமிடம் சேர்த்தால் போதும்: ஒரு மணி 40 நிமிடம்.