திருச்சியில் முறிந்த ஆண்டெனா

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிகூட ஆகவில்லை. திருச்சியிலிருந்து துபாய்க்கு 136 பேரோடு கிளம்பிய போயிங் 737 ஒன்று, ஓடுபாதைக்கு அப்பால் நின்ற ஆண்டெனாக்களை முறித்து, விமான நிலையச் சுற்றுச்சுவரின் மேல்பகுதியையும் இடித்துவிட்டு மேலேறிப் போனது. கிளம்பும் ஓட்டத்தின் நடுவே தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்ததையும், அந்த அசைவில் இன்ஜின் விசை குறைந்ததை யாரும் கவனிக்காததையும் விசாரணை பின்னால் கண்டுபிடித்தது. விமானத்தின் அடிவயிறு கிழிந்திருந்தது. மும்பையில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

சுற்றுச்சுவர் சரி, ஆடுமாடும் ஆட்களும் உள்ளே வராமல் இருக்க வேண்டும். ஆண்டெனாவைப் போய் விமானம் பறக்கும் வழியிலேயே ஏன் நட்டார்கள்? காரணம் இருக்கிறது. அதன் பெயர் லோக்கலைசர். மேகத்துக்குள் இறங்கும் விமானிக்கு, ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகியிருக்கிறாரா, வலப்பக்கமா என்று ரேடியோ அலையால் காட்டுவது அதன் வேலை. நடுக்கோட்டைக் காட்டுகிற கருவி அந்தக் கோட்டின் நேர்நீட்சியில்தான் பெரும்பாலும் நிற்கும். ஆக, எது இருக்கவே கூடாத இடமோ அங்கேதான் அது இருந்தாக வேண்டும்.

மற்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓடுபாதையின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத சாய்கூரை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளின் துணையோடு இறங்கும் பெரிய ஓடுபாதைகளில் அது முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தரையில் தொடங்கும். அப்புறம் 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் உயர்ந்துகொண்டே போகும். எதுவும் அந்தக் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. 20 மீட்டர் தென்னை என்றால் கூரை தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 40 மீட்டர் செல்போன் கோபுரம் என்றால் இரண்டு கிலோமீட்டர். கண்ணால் பார்த்தே இறங்குகிற மிகச் சிறிய ஓடுபாதைகளில் சாய்வு 20-க்கு 1. அதே தென்னை அங்கே 400 மீட்டரிலேயே நிற்கலாம்.

இறங்கும் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது தரைக்கு மேல் சுமார் 67 மீட்டரில் இருக்கும். கூரையோ அங்கே 19 மீட்டர்தான். இடைவெளி தாராளம். கிளம்பும்போதுதான் நெருக்கடி. பெரிய ஓடுபாதைகளில் அந்தப் பக்கத்துக்கும் 50-க்கு 1 கூரைதான். ஆனால் இரட்டை இன்ஜின் ஜெட்டில் ஓர் இன்ஜின் மிக மோசமான நொடியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் கிளப்புகிறார்கள். அப்படி ஒற்றை இன்ஜினில் ஏறும் விமானத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச ஏற்றம் 1.6 சதவீதம். அந்தப் பாதையும் வழியிலுள்ள ஒவ்வொரு தடையையும் 35 அடி உயரத்திலாவது தாண்ட வேண்டும். 50-க்கு 1 என்றால் கூரையின் சாய்வு 2 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சிக்கல் புரியும்: கூரையைத் தொடாமல் சாதுவாக நிற்கும் மரம்கூட வழிமறிக்கலாம். மரத்தை வெட்ட முடியாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டியதுதான், அதாவது சரக்கையோ சில பயணிகளையோ. சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். இன்ஜினும் இறக்கையும் இரண்டுமே சோர்ந்துபோகும். அப்போது அதே மரம் இன்னும் சில இருக்கைகளைக் காலி செய்யும்.

நம் ஊரில் விமான நிலையத்தைச் சுற்றி வீடு கட்டுபவர்களுக்கு உயரக் கட்டுப்பாடு பற்றித் தெரிந்திருக்கும். வண்ணம் தீட்டிய வரைபடங்களை வைத்து, எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் வரை கட்டலாம் என்று பார்த்துத் தடையில்லாச் சான்று தருகிறார்கள். மீறியவற்றை அகற்ற 1994-லேயே விதிகள் வந்துவிட்டன, மரங்களையும் சேர்த்துத்தான். கட்டடமாவது கட்டிய உயரத்தோடு நின்றுவிடும். மரம் அனுமதி கேட்காமல் ஆண்டுதோறும் வளரும். பணமும் ஆளும் குறைவான சிறிய விமான நிலையங்களில் அதை யார் அளந்துகொண்டிருப்பது?

தடையை நகர்த்த முடியாவிட்டால் ஓடுபாதையின் தொடக்கத்தை நகர்த்துவது ஒரு வழி. தார் அப்படியே இருக்கும். அதில் வெள்ளை அம்புக்குறிகள் வரைந்து, 'இதைத் தாண்டி இறங்கு' என்று கோடு போட்டுவிடுவார்கள். கூரையும் கூடவே பின்வாங்கும். அதற்கு விலை, இறங்க மிஞ்சும் நீளம் குறைவது. கரீபியனில் உள்ள சான் பார்த்தெலெமி தீவில் அதற்கும் வழியில்லை. மொத்த ஓடுபாதையே சுமார் 650 மீட்டர், ஒரு முனையில் சாலை ஓடும் குன்று, மறுமுனையில் கடற்கரை. சிறிய விமானங்கள் மட்டுமே, அதுவும் தனிப் பயிற்சி பெற்ற விமானிகளோடு, குன்றை உரசுவதுபோல் தாண்டி இறங்குகின்றன.

சரி, நகர்த்தவே முடியாத ஆண்டெனாவுக்கு வருவோம். அதற்கான விதி எளியது: நின்றே ஆக வேண்டுமானால், முட்டினால் உடைந்துவிட வேண்டும். லேசான உலோகம், எளிதில் முறியும் போல்ட்டுகள். கட்டடக் கலையில் உறுதிக்குப் பேர் வாங்குவார்கள், இங்கே ஒடிவதற்கு.

2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில், பறவைகள் மோதியபின் சக்கரங்கள் இறங்காமலேயே தரையிறங்கிய ஒரு 737, ஓடுபாதையைத் தாண்டி வழுக்கிச் சென்றது. முனையிலிருந்து சுமார் 250 மீட்டரில் அங்கேயும் லோக்கலைசர் நின்றது. ஓடுபாதைக்கு அப்பால் நிலம் சரிவதால், ஆண்டெனாவை மட்டத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயர மண்மேடு எழுப்பி, உள்ளே கான்கிரீட் வைத்திருந்தார்கள். ஆண்டெனா ஒடிந்திருக்கும். மேடு ஒடியவில்லை. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். வால்பகுதியில் இருந்த பணியாளர்கள் இருவர் மட்டும் பிழைத்தார்கள்.

அடுத்த மாதமே, லோக்கலைசருக்கு அடியில் இப்படி உடையாத அமைப்புகள் இருந்த ஏழு விமான நிலையங்களில் அவற்றை மாற்றப்போவதாகக் கொரிய அரசு அறிவித்தது.