பிஷப் முத்திரைக்குள் ஆயர் எப்படி வந்தார்?

தபால் தலைக்கு முற்பட்ட காலத்துக் கடிதங்களில் குத்திய முத்திரைகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் இரண்டாவது பத்தியில் ஓர் ஆயர் வந்து நிற்கிறார். ஆங்கிலத்து 'பிஷப் மார்க்'கை 'ஆயர் முத்திரை' என்று பெயர்க்கிறார்கள். பக்தி கூடினால் 'பேராயர் முத்திரை'. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் திருச்சபைதான் தபால் நடத்தியதாக்கும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். அந்த முத்திரையைக் கொண்டுவந்தவர் ஹென்றி பிஷப். பிஷப் என்பது அவருடைய குடும்பப் பெயர். பார்த்த உத்தியோகம் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்.

சொல்லின் வேர் பெரிய புதிர் இல்லை. மேற்பார்ப்பவர் என்று பொருள்படும் 'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல் தேய்ந்து ஆங்கிலத்தில் பிஷப் ஆனது. பழைய தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்றே பெயர்த்தது, நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் அது பதவிக்கு. குடும்பப் பெயராகிவிட்ட சொல்லுக்கு அந்தப் பொருளைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு கதை.

ஆண்டுக்கு 21,500 பவுன் குத்தகைக்குத் தபால் உரிமையை 1660இல் எடுத்தவர் இந்த பிஷப். கடிதங்கள் தாமதமாகின்றன என்று புகார் வர, அலுவலகத்துக்குக் கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே குத்த 1661இல் ஏற்பாடு செய்தார். தபால்காரர் கடிதத்தை அமுக்கி வைத்தால் தேதி காட்டிக்கொடுத்துவிடும். நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டம், குறுக்கே ஒரு கோடு. மேலே மாதத்துக்கு இரண்டே எழுத்து, கீழே தேதி. 1713 வாக்கில் தேதி மேலே ஏறியது. ஆண்டு கிடையாது! அதனால்தான் சேகரிப்பவர்கள் முத்திரையோடு நிற்காமல் கடிதத்தைப் பிரித்து, எழுதியவர் உள்ளே என்ன ஆண்டு போட்டிருக்கிறார் என்று தேடுகிறார்கள். இதே பாணி முத்திரை பிறகு எடின்பரோ, டப்ளின், கல்கத்தா வரை போனது.

'பிஷப் என்று அப்படியே எழுதினால் தமிழ் கெடும், ஆயர்தான் தூய தமிழ்' என்பது எதிர்த்தரப்பு வாதம். அப்படியானால் நியூட்டனை என்ன செய்வது? பொருள் பார்த்தால் அவர் 'புதூர்'தான். புதூரின் மூன்றாம் விதி என்று பாடநூலில் அச்சிடலாமா? தூய்மைதான் கவலை என்றால் பக்கத்தில் நிற்கும் 'முத்திரை' வடமொழியிலிருந்து வந்தது. அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இதில் இன்னொரு சங்கடம்: ஆயர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆயர்பாடிதான். லண்டன் கடிதத்தில் கண்ணன் வெண்ணெய்க் கையோடு ரேகை வைத்ததுபோல இருக்கிறது.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதோடு விட்டார்களா? தபால் தலை ஒட்டாத பழைய கடிதத்துக்கு 'தலையற்ற உறை' என்று ஒரு பெயர். முண்டம் என்று எழுதாமல் விட்டதே புண்ணியம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் உறையே கிடையாது. பிரிட்டனில் 1840 வரை காகிதத் தாள்களின் எண்ணிக்கையும் தூரமும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்காகும், காசு இரட்டிக்கும். ஆகவே எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதி அனுப்பினார்கள். அதற்கு 'மடல்' என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது.

அடுத்தது 'கைமுத்திரை'. கையால் குத்தியது என்று சொல்ல வந்தார்களாம். கைமுத்திரை என்றால் பரதநாட்டிய மாணவி பதாகமும் திரிபதாகமும் பிடித்துக் காட்டுவாள். தபால் நிலையத்தில் 'முத்திரை குத்து' என்றாலே கை அதற்குள் இருக்கிறது. இயந்திரமோ பேனாவோ எதிரில் நிற்கும் இடத்தில் மட்டும் 'கையால் குத்திய முத்திரை' என்று நீட்டினால் போதும்.

'முத்திரைக்கு முந்தைய காலம்' என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழில் முத்திரை என்றாலே ஒட்டும் தபால் தலைதான். யாழ்ப்பாண வாசகருக்கு அந்தத் தொடர் சரியாகவே விளங்கும். மதுரைக்காரருக்கோ தலைகீழாகப் போகும். 'தபால் தலைக்கு முற்பட்ட' என்று எழுதினால் இரு பக்கமும் குழப்பமில்லை. எல்லைக்கோடும் துல்லியமாகக் கிடைக்கிறது: பிரிட்டனில் 1840 மே, இந்தியா முழுமைக்குமான தலைகள் வந்தது 1854 அக்டோபர், சிந்துப் பகுதியில் மட்டும் 1852லேயே.

வில்லியம் டாக்வ்ரா 1680இல் லண்டனில் நடத்திய பென்னித் தபாலின் முக்கோண முத்திரையை யாரும் 'டாக்வ்ரா'வின் பொருள் தேடிப் பெயர்க்கவில்லை. அகராதியில் அகப்படவில்லை போலும். அவருக்குக் கொடுத்த மரியாதையை பிஷப்புக்கும் கொடுத்து, ஏலப் பட்டியலில் 'மடல், லண்டன், பிஷப் முத்திரை, கறுப்பு மை, ஆண்டு உள்ளே' என்று எழுதுங்கள். வாங்குபவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.